தம்பி மேல் வந்த வாடை

பெரம்பலூர், 7-12-1986, ஞாயிறு, காலை ஆறரை மணி. கண்ணாடித் தட்டில் முளைத்த பாக்டீரியாப் புள்ளிகள் முப்பத்தொன்று.

அன்பு மகள் கண்ணகிக்கு, லேபிலிருந்து, குறிப்பு நோட்டுத் தாளிலேயே அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். தம்பியும் சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. பொங்கலுக்கு வரும்போது அழகேசன் உன்னை அக்கா என்று கூப்பிடுவானா என்று கேட்டிருந்தாய். கூப்பிடமாட்டான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

போன வாரம் தம்பியை மெட்ராஸில் காட்டினோம். பிள்ளை மேல் எலி வாடை வருமா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி மேல எலி வாட அடிக்குதுப்பா என்று நீதானே சொல்லிக்கொண்டே இருந்தாய். எல்லாம் ஒங்கப்பன் சட்ட நாத்தம்டி என்று அம்மா என் சட்டையை முருங்கைக் கிளையில் தனியாகக் காயப்போடுவாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நாள் முழுக்க சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸ் தொட்டியில் கிடப்பவன் மூக்கு அவ்வளவுதான்.

டாக்டர் படம் போட்டு விளக்க வந்தார், வேண்டாம் சார், என் பிழைப்பே இதுதான் என்றேன். கோடிக்கணக்கான பாக்டீரியாவைப் புற ஊதா விளக்கில் காட்டுவோம், பெரும்பாலும் செத்துப்போகும், மிஞ்சியதில் ஒரு வேலையை மறந்துபோனதைப் பொறுக்கி எடுப்போம். அந்த வேலை நின்றதால் லைசின் என்ற அமினோ அமிலம் அதற்குள் சேர்ந்து வெளியே வழியும், கோழித் தீவனத்துக்கு அதுதான் சரக்கு. அப்படி ஒன்று கிடைத்த அன்றுதான் உனக்கு லட்டு வாங்கி வந்தேன். தம்பி உடம்பும் பிறவியிலேயே ஒரு வேலையை மறந்திருக்கிறது. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள வேறொரு அமினோ அமிலம் அவனுக்குள் சிதையாமல் சேர்கிறது, எலி வாடையும் அதனால்தான். பாக்டீரியாவுக்கு வெளியே கொட்டத் தெரியும். இவனுக்கு அது உள்ளேயே தங்கி மூளையைக் கெடுத்துவிட்டது. கெட்டது திரும்பாது, இனிமேல் கெடாமல் பார்க்கலாம், அவ்வளவே. நீ ஊட்டிய பருப்புச் சோற்றை நினைத்து அழாதே, எல்லோரும்தான் ஊட்டினோம். வீட்டிலிருந்த பருப்பையெல்லாம் அம்மா கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். அளந்து வைக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அவன் வெறும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தப் பெருமாள் உனக்குத் துணையிருக்கட்டும், இது அம்மா எழுதச் சொன்னது. பனியில் தலைக்குக் குளிக்காதே, இது நான் சொல்வது.

உன் அப்பா,
அரியமுத்து

இனி நான் செய்யப்போவது:
1. அந்த அமிலம் இல்லாமல் தம்பிக்கு ஏற்ற மாவு வெளிநாட்டில் விற்கிறார்கள், அதை வரவழைக்க எழுதுவேன். அதில் சேரும் லைசினும் இந்த மாதிரி பாக்டீரியா செய்வதுதான்.
2. சட்டையை லேபிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன்.
3. பொங்கலுக்கு உன்னை அழைக்க பஸ் ஸ்டாண்டுக்கு அவனையும் தூக்கி வருவேன். இறங்கியதும் முகர்ந்து பார்த்து, வாடை குறைந்திருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். என் மூக்கை நான் நம்பவில்லை.