ஆடி முடியட்டும் என்றீர்கள்

அப்பா,

என் விரலில் மஞ்சள் வாசனை அடிக்கிறது. மொய் விருந்து அழைப்பிதழின் மூலைகளில் தடவியிருந்த மஞ்சள் அது. போன வாரம் தபால்காரர் இரண்டு உறைகள் கொண்டுவந்தார். ஒன்று இந்த அழைப்பிதழ். இன்னொன்று உங்கள் கிரெடிட் கார்டு பாக்கிக்காக பேங்க்காரர்களின் வக்கீல் சென்னையிலிருந்து அனுப்பிய நோட்டீஸ். இரண்டும் உங்கள் பெயருக்குத்தான். சித்திரை மாதம் வேலை பார்த்த டைல்ஸ் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். உங்களிடம் பணம் எதிர்பார்ப்பவர்களுக்கு மட்டும் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள்.

வக்கீல் தபாலை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். "வீட்டுல இருக்குறவுக வாங்கலாம், போடு பாப்பா" என்றார் தபால்காரர். போட்டுவிட்டுத்தான் பிரித்தேன். அசல், வட்டி, தாமதக் கட்டணம், பதினைந்து நாள் கெடு, தவறினால் நீதிமன்ற நடவடிக்கை. அந்த ஒரு கையெழுத்தால் கடன் என் தலையில் விழுந்துவிட்டது என்றே நம்பினேன். பள்ளிக்கூடத்துக்கே போலீஸ் வரும் என்று நினைத்து, வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பெஞ்சில் குனிந்துகொண்டேன்.

அந்தக் கார்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? விளிம்பை மட்டும் பிடித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள். "இது கையில இருக்குற வரைக்கும் எவன் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்" என்றீர்கள். நமக்கு ஏதோ வாங்கித் தருவீர்கள் என்று நானும் அம்மாவும் நினைத்தோம். நீங்களோ பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அதைத் தேய்த்து, கமிஷன் போக மீதியைக் காசாக வாங்கி, ஒவ்வொரு ஆடியிலும் ஆவணியிலும் ஊர் ஊராக மொய் எழுதினீர்கள்.

அந்தக் கணக்கை எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இன்று நாம் எல்லாருக்கும் செய்தால், நம் முறை வந்து நாம் கறி விருந்து போடும் நாளில் எல்லாரும் கூடுதலாக வைத்துத் திருப்பிச் செய்வார்கள். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. அந்த ஒரே நாளில் கார்டும் அடைந்துவிடும், வீட்டுக்கு மேல்தளமும் போட்டுவிடலாம். நம் முறை இந்த ஆடியில் வருவதாக இருந்தது. அதனால் எது கேட்டாலும் ஒரே பதில். அம்மாவுக்குப் பல்வலி, ஆடி முடியட்டும். அடுப்படியில் ஒழுகுகிறது, ஆடி முடியட்டும். போர்டு தெரியவில்லை, கண்ணாடி வேண்டும் என்றேன். "முன் பெஞ்சுல உக்காரு தாயி, ஆடி முடியட்டும்" என்றீர்கள்.

ஒருமுறை கீரமங்கலம் பக்கத்துப் பந்தலுக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். மொய் எழுதி முடித்ததும் மைக்கில் உங்கள் பேரை வாசித்தார்கள். ஊர் பேர், உங்கள் பேர், தொகை. நீங்கள் காதில் விழாதது போல வாட்சைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். பக்கத்து இலைக்காரர், "என்னப்பா, டைல்ஸ் கடையே ஒன்னோடதா?" என்று கேட்டார். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பை வீட்டில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் வக்கீல் இப்போது வட்டி போட்டு அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் செய்த மொய்யெல்லாம் திரும்பாமல் ஊருக்குள் நிற்கிறது. விருந்துக் கூட்டத்துப் பெரியவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். "துக்க வீட்டுல விருந்து வைக்கப்படாதுத்தா. வருசம் திரும்பட்டும், அப்பறம் அடுத்த சுத்துல பாப்போம். அவுக செஞ்சது எங்கிட்டும் போயிராது." எல்லாரும் துக்கம் காக்கச் சொல்கிறார்கள். கார்டு வட்டி மட்டும் ஒருநாள்கூடத் துக்கம் காக்கவில்லை.

திருமயத்திலிருந்து மாமா வந்தார். நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் பேசினார். பேசி முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. "மாசாமாசம் கட்டுறோம்னு அக்கா ஒரு கையெழுத்துப் போட்டா விட்டுருவாங்களாம். பொம்பளப் புள்ள இருக்குற வீடு, கண்டவன் வந்து வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்?"

அம்மா உடனே தலையாட்டினாள். "செத்தவுக வாங்குன மொய்ய வீட்டுல இருக்குறவுக செய்றதில்லையா? அது மாதிரிதான. அவுக பேரு கெடக்கூடாது."

"கட்டுறதுக்கு?" என்று நான் கேட்டேன்.

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார். "பரீட்ச முடிஞ்சதும் திருப்பூருக்குப் போகட்டும்க்கா. ஹாஸ்டலோட வேல. ரெண்டு மூணு வருசத்துல அடைஞ்சிரும். படிப்பு எங்க போயிரப் போகுது?"

அம்மா மறுக்கவில்லை, அப்பா. உங்கள் பேரைக் காப்பாற்ற என்னை அனுப்பச் சம்மதித்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு ஆலங்குடி கோர்ட்டுக்குப் போனேன். அங்கே இலவச சட்ட உதவி என்று ஓர் அறை இருக்கிறது. வாசலிலேயே நின்றேன். வெளியே வந்த வக்கீலம்மாதான் என் யூனிபார்மைப் பார்த்து நின்றார். நோட்டீஸை நீட்டி, "நான் கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"அட, இது தபால் வாங்குனதுக்குப் போட்டது. கடன் வாங்குனதுக்கு இல்ல" என்றார். பிறகு உட்காரவைத்துக் கேட்டார். அப்பா பேரில் என்ன இருக்கிறது? வீடு அம்மா பேரில், தாத்தா எழுதிக்கொடுத்தது. பைக்கைத் தவணை கட்டாததால் கம்பெனி எடுத்துப் போய்விட்டது. பேங்கில் ஒன்றுமில்லை.

"எறந்தவங்க விட்டுட்டுப் போன சொத்து அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. சொத்தே இல்லன்னா நீங்க கையிலேர்ந்து கட்ட வேண்டியதில்ல. ஆனா ஒங்க அம்மா 'நான் கட்டுறேன்'னு எழுதிக் குடுத்துட்டா அன்னையிலேர்ந்து அது அவங்க கடன்."

நமக்குத் திரும்பி வர வேண்டிய மொய்யைப் பற்றியும் மறைக்காமல் கேட்டேன். "வந்தா அப்பப் பாக்கலாம். இப்ப கையில இருக்குறதச் சொல்லுங்க, போதும். பதிலத் தமிழ்லயே எழுது. படிக்க வேண்டியது அவங்க பாடு" என்றார். பதிலில் என்னென்ன வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மாமா வருகிறார், அம்மாவைக் கையெழுத்துப் போடக் கூட்டிப்போக. அதனால் இன்றிரவே அம்மா பேரில் பதிலை எழுதினேன். இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். கணவரின் கடனுக்கு நான் ஜாமீன் நிற்கவில்லை. இனி எதுவானாலும் எழுத்தில் மட்டும் தெரிவிக்கவும். இப்படியே போய்க்கொண்டிருந்த பேனா ஒரு வரியில் நின்றுவிட்டது. வெளிச்சம் பட்டோ என்னவோ, அம்மா எழுந்துவிட்டாள்.

"என்னத்தா எழுதுற இந்நேரத்துல?"

வாசித்துக் காட்டினேன். கோர்ட்டுக்குப் போனதையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அந்த வரி வந்ததும் என்னை நிறுத்தினாள்.

"ஒண்ணுமே விட்டுட்டுப் போகலன்னா எழுதியிருக்க?"

"ஆமா."

"ஊருக்குள்ள அம்புட்டும் நிக்குது. அவுக மொய் செய்யாத பந்தல் உண்டா? ஒண்ணுமில்லாத மனுசனா அவுக? அந்த வரிய எடுத்துரு."

"எடுத்தா நாந்தான் திருப்பூர் போகணும்மா. மொய் வரட்டும், வந்ததுன்னு அன்னைக்கி எழுதுவோம். இன்னைக்கி இந்த வீட்டுல என்ன இருக்கு? நீயே சொல்லு, எழுதுறேன்."

அம்மா சுற்றிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள், அப்பா. ஒழுகிய தண்ணீரில் துருப்பிடித்த பீரோ, உங்கள் வெள்ளைச் சட்டை, பந்தலுக்குக் கட்டிப்போன வாட்ச். வாட்ச் நின்றுபோயிருந்தது. அதை எடுத்து ஒருதரம் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, வரிக்குக் கீழே தன் பேரை எழுத்துக்கூட்டி எழுதினாள். உங்கள் முதலெழுத்தை முன்னால் போட மறக்கவில்லை.

தபால் என் பையில் இருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே மாமா வந்துவிடுவார். அவர் குரல் உயர்ந்தால் அம்மா மறுபடி தலையாட்டிவிடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அழைப்பிதழை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பந்தலில் உங்கள் பேரை வாசிக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் இப்புடிக் கண்ணச் சுருக்குற? கண்ணாடி கேட்டியே, இந்தத் தோட்டைக் குடுத்துட்டு வாங்கிரலாமா?" என்று காதைத் தொட்டாள்.

"ஆடி முடியட்டும்மா" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆவணி பாதி போய்விட்டது.

அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள். "அவுக மாதிரியே பேசாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.