எவரேனும் இருவர்

ஜூன் 10, புதன்

காற்று. விடிந்ததிலிருந்து ஒரே மண். கொடியில் காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில் போய்த் தொங்கியது. பெட்டி கட்டுவது பாதியில் நிற்கிறது.

எடுத்து வைத்தவை: சேலை 2, சுடிதார் 4, இவருக்கு அரைக்கால் சட்டை 2 (வாழ்க்கையில் முதல்முறை, கண்ணாடி முன்னால் நின்று வெட்கப்பட்டார்), தலைவலி மாத்திரை, பாஸ்போர்ட், இந்த நோட்டு.

மதினி எடுத்து வைத்தவை: முறுக்கு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம். "பூச்சி பொட்டு அண்டாதுட்டி. தீவுன்னா என்னென்ன கெடக்குமோ. நெத்தியில இட்டுக்கோ, மறந்திராத."

மதினி கோமதி இவருடைய அக்கா. நான் மைனி என்று கூப்பிடுவது. கடைக்கு முதலாளி யார் என்று கேட்டால் பலகையில் இவர் பெயர் இருக்கும். பம்ப்செட் விற்பது மைனி. திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கமெல்லாம் ஒரு மோட்டார் மக்கர் செய்தால் ஆட்கள் கடைக்கு வருவதே இல்லை. போன்தான். "மோட்டார் பக்கத்துல போனை வைங்க அண்ணாச்சி" என்பாள். கண்ணை மூடிக் கேட்பாள். பேரிங்கா, காற்று இழுக்கிறதா, வயரா, சொல்லிவிடுவாள். தப்பியதாக எனக்கு நினைவில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டே சனம் நம் கடையில்தான் வாங்கும் என்று ஆனது. பம்ப் கம்பெனிக்காரன் பரிசாக மாலத்தீவுக்கு அனுப்புவதும் அதற்குத்தான்.

போவது நான்.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல. கடிதம் வந்த அன்று கடையில் மூன்று பேரும் இருந்தோம். இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் நான்தான் வாசித்துத் தமிழில் சொல்வது, பி.காம். படித்த மருமகள் என்ற பெருமைக்கு. அதில் இருந்தது: குடும்பத்திலிருந்து எவரேனும் இருவர். நான் வாசித்தது: முகவரும் அவர் மனைவியும்.

யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்த ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான்.

மைனி கடிதத்தை வாங்கி மற்றவற்றோடு கம்பியில் குத்தினாள். அன்று சாயங்காலம் அவள் மேசையில் அவளுடைய பாஸ்போர்ட். அவள் வீட்டுக்காரர் இருந்தபோது துபாய்க்குப் போக எடுத்தது. போவதற்குள் அவர் போய்விட்டார். ஒரு முத்திரை விழாத பாஸ்போர்ட், அடுத்த வருஷம் காலாவதி. "சும்மா எடுத்துப் பாத்தேன்" என்று பீரோவில் வைத்துவிட்டாள்.

முறுக்கு இன்னும் சூடாக இருக்கிறது.


ஜூன் 11, வியாழன்

கா. 4க்குக் கார். தென்காசி, செங்கோட்டை, மலை, திருவனந்தபுரம். வளைவில் எனக்கு வாந்தி, இவருக்குத் தூக்கம்.

விமான நிலையத்தில் புற்றுமண் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகர்ந்து பார்த்தார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்தார். இவர் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, மிச்சத்தை நாக்கில் போட்டுக் காண்பித்தார். விட்டுவிட்டார்கள்.

விமானம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பிறகு படகு. மறுபடி வாந்தி. கரையில் நிற்கும் பெண்கள் சூடான ஈரத்துண்டும் இளநீரும் கொடுத்து வரவேற்கும்போது நான் இருந்த கோலம்! நல்லவேளை, போட்டோவில் இவர் மறைத்துக்கொண்டார்.

அறை இல்லை, வீடு. தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கிறது. தரையில் ஓரிடத்தில் கண்ணாடி, கீழே மீன். வாசலில் ஒரு நீச்சல் குளம். சுற்றிலும் கடல் கிடக்க நடுவில் எதற்குக் குளம்? கேட்டால் பட்டிக்காடு என்பார்கள். குளிக்கிற இடத்துக்குக் கூரை கிடையாது. இவர் உள்ளே போய்விட்டு, "ஏட்டி, மேல யாராவது பாத்தா?" என்கிறார். வானத்திலிருந்து யார் பார்ப்பது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இவரும் நானும் மட்டும் ஒரு வீட்டில் இருப்பது இதுதான் முதல். சாயங்காலம் இரண்டு பேரும் பலகையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நெற்றியில் மண் இடவில்லை. இட்டுக்கொள்ள முகம் இல்லை.


ஜூன் 12, வெள்ளி

காலை மழைத் தூறல், பிறகு கண் கூசும் வெயில். மணல் வெள்ளை, கோலமாவு போல.

காலைச் சாப்பாடு: எண்ணி முடியவில்லை. ரொட்டி மட்டும் ஒன்பது தினுசு. ஒரு மூலையில் தோசை! ஊற்றுகிறவர் தலை நரைத்த ஆள், என் சேலையைப் பார்த்துவிட்டு, "நமக்கு எந்த ஊரு?" என்றார். கடையநல்லூர்க்காரராம், பெயர் யூசுப். பதினெட்டு வருஷமாக இந்தத் தீவில்.

"சங்கரன்கோயிலா! எந்தத் தெரு?"

இவர் கடையைச் சொன்னார்.

"அட, நம்ம மோட்டார் அக்கா கடையா? எங்க வீட்டு போர்ல அவங்க குடுத்த மோட்டார்தான் ஓடுது. ஒரு தடவ நான் இங்கனயிருந்து வீட்டுக்குப் போன் பேசுதேன், பின்னால மோட்டார் சத்தம் வேற மாதிரி கேக்கு. அக்காட்ட போன் போடுன்னு வீட்டுல சொன்னேன். கேட்டுட்டு, பேரிங் போச்சுன்னுட்டாங்க. கழத்திப் பாத்தா பேரிங்தான். மாஷா அல்லாஹ், அது என்ன காதுங்க." தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அவங்க வரலியா?"

"கடையைப் பார்க்கணுமே" என்றேன்.

"நல்லாருக்கே. ஒழைச்சவங்க அங்கன, நாம இங்கன" என்று சிரித்தார். சும்மா சொன்ன பேச்சு. அவருக்கு ஒன்றும் தெரியாது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

சாயங்காலம் கம்பெனிக் கூட்டம். பரிசில் வந்த மற்ற ஊர்க் கடைக்காரர்களை வரிசையாக அறிமுகப்படுத்தினார்கள். பாதிப் பேர் கணவன் மனைவி. ஒருவர் தம்பியோடு. ஒருவர் மாமனாரோடு. ஈரோட்டுக்காரர் ஒருவர் தன் அம்மாவோடு. எழுபது வயதிருக்கும், காலில் புத்தம்புதுக் கேன்வாஸ் ஷூ.

இவர் என் காதோடு, "வீட்டுக்காரியைத்தானே கூட்டிட்டு வரணும்னு போட்டிருந்தான்?"

"அவங்க கம்பெனியில தனியா எழுதிக் கேட்டு வாங்கியிருப்பாங்க."

ஒரு பொய்யோடு முடியும் என்று நினைத்தேன். அது குட்டி போடுகிறது.


ஜூன் 13, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் எல்லோருக்கும் டால்பின் பார்க்கப் படகு. ஆண்கள் ஒருவரும் ஏறவில்லை. தீவின் பின்பக்கம், கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இடம் இருக்கிறது என்று யூசுப் அண்ணன் சொல்லிவிட்டார். பிறகு கேட்கவா? உலகத்தில் இப்படி ஒரு கடல் இருக்க, அத்தனை கடைக்காரர்களும் அரைக்கால் சட்டையோடு பம்ப் அறையில். யானைக்கு ஊரெல்லாம் சுற்றினாலும் கண் கரும்பில்தான். வாந்திக்குப் பயந்து நானும் படகை விட்டுவிட்டு அங்கேதான் போனேன். ஈரோட்டு அம்மாவும் வந்தார்.

பெரிய பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அக்கா போன்லயே கோளாறு சொல்லுவா" என்று எல்லோரிடமும் சொல்லி, மைனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பம்புக்குப் பக்கத்தில் நீட்டினார்.

எல்லோரும் போனைச் சுற்றி நெருங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மைனி குரல்:

"ஏலே, இது ஏதோ பெரிய சைஸா இருக்கு. ஓட்டம் நல்லாருக்கு. மேல் பக்கத்து பேரிங் லேசா கத்துது. ரொம்ப நாள் தாங்காது, சொல்லிரு."

அங்கே வேலை செய்யும் இன்ஜினியர் ஒரு நீளக் கம்பியை பம்பின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டான். தலையை ஆட்டினான். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன்.

அப்போதுதான் ஈரோட்டு அம்மா, கணீரென்று, "ஏனுங்க, இத்தனை கெட்டிக்காரியை ஊர்ல உட்டுப்போட்டு வந்துட்டீங்களே! ஊட்டுல யாராச்சும் ரெண்டு பேருன்னுதானுங்களே கடுதாசில இருந்துச்சு? என்ற மகன் என்னைத்தானே கூட்டியாந்தான்."

ஸ்பீக்கர் அணையவில்லை. போனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

இவர் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் பம்பைப் பார்த்தேன்.

மைனிதான் முதலில் பேசியது. "மோட்டார் சத்தம் போதும்டே. அதைத்தான் தெனம் கேக்கேனே. உமாட்ட போனைக் குடு. கடல் சத்தம் கேக்கணும்."

போனை வாங்கிக்கொண்டு மணலுக்கு ஓடினேன். தண்ணீர் காலைத் தொடுகிற இடத்தில் குனிந்து நீட்டினேன். அலை பெரிதாக இல்லை, இந்தக் கடல் சத்தமே போடுவதில்லை. எவ்வளவு நேரம் நீட்டினேன் என்று தெரியாது, இடுப்பு வலித்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரியும்.

காதில் வைத்தேன். "கேட்டுதா மைனி?"

"ம். திருச்செந்தூர் மாதிரி இல்ல. இது பதவிசா இருக்கு." பிறகு, "எதுக்குட்டி மூச்சு இப்பிடி இழுக்கு?"

"ஓடி வந்தேன் மைனி."

"ஓடாத. மண்ணு இட்டுக்கிட்டியா?"

"இட்டுக்கிட்டேன்."

மூன்றாவது பொய். இல்லை, நாலாவதா? கணக்குப் படித்தவளுக்கே கணக்கு விட்டுப்போய்விட்டது.

அறைக்கு வந்து இவர் ஒரே ஒரு கேள்வி: "கடுதாசில என்ன போட்டிருந்தது உமா?"

"சரியா ஞாபகம் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்."

இவர் கண்ணாடித் தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நான் கூப்பிட்டும் வரவில்லை.

ஏன் செய்தேன்? மைனி மேல் கோபமா? இல்லவே இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது என் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றவள் அவள். எவரேனும் இருவர் என்று வாசித்திருந்தால் இவர் யாரைக் கூட்டிப்போவார் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற கடை. நான் கடிதம் வாசிக்கிறவள்.

யூசுப் அண்ணன் மோட்டார் அக்காவுக்கு சலாம் சொல்லச் சொன்னார். மறக்கக் கூடாது.


ஜூன் 14, ஞாயிறு

திரும்பும் நாள். படகு, விமானம், கார். வாந்தி இல்லை. காரில் இவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். செங்கோட்டையில் காபிக்கு நிறுத்தினார், எனக்குச் சீனி குறைத்து வாங்கி வந்தார். அதற்கே அழுகை வந்தது.

மைனி வாசலில் நின்றாள். "கறுத்துட்டியேட்டி" என்றாள். முறுக்கு டப்பாவைத் திறந்து பார்த்தாள். அப்படியே இருந்தது.

"பிடிக்கலியா?"

"அங்கன நிறைய சாப்பாடு மைனி."

புற்றுமண்ணில் கொஞ்சம் மிச்சம். பொட்டலத்தை அவளிடம் காட்டாமல் பூஜை அறையில் வைத்தேன்.


ஜூன் 15, திங்கள்

காற்று அடங்கவில்லை. கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் மேலநீலிதநல்லூருக்கு மோட்டார் இறக்கப் போயிருக்கிறார். நாலரைக்கு வருவதாகச் சொன்னார்.

காலையில் இவர் கிளம்பியதும் கம்பிக்குப் போனேன். மேலிருந்து பத்தாவதோ பதினொன்றாவதோ இருக்க வேண்டும். இல்லை. மொத்தத்தையும் உருவினேன். இல்லை.

"இதையா தேடுத?"

மைனி கையில் இருந்தது. நடுவில் கம்பி குத்திய ஓட்டை. ஒரு வரிக்குக் கீழே மட்டும் பென்சில் கோடு.

"வாசி" என்றாள்.

நின்றுகொண்டே வாசித்தேன். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ், எப்போதும் போல. அந்த வரி வந்தது. குடும்பத்திலிருந்து எவரேனும் இருவர். நிறுத்தாமல் முடித்தேன். கையெழுத்து, தேதி வரைக்கும்.

"ஈரோட்டு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுதா மைனி?"

"கடுதாசி வந்த அன்னைக்குச் சாயந்தரமே தெரியும்ட்டி. பம்ப்போட வர்ற பேப்பரெல்லாம் இங்கிலீஷ்தானே, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதா எனக்கு? பாஸ்போர்ட்டைக்கூட எடுத்து வச்சுப் பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? கேட்டிருந்தா நானே உன்னைத்தான் போகச் சொல்லியிருப்பேன். நீ கேக்கலை. சரி, நீயா ஒரு நாள் சரியா வாசிச்சுக் காட்டுவேன்னு பாத்துட்டு இருந்தேன். பெட்டி கட்டற வரைக்கும் பாத்தேன். முறுக்கு சுடும்போதும் பாத்தேன்."

தெரிந்தேதான் சுட்டிருக்கிறாள். தெரிந்தேதான் மண்ணும் வைத்திருக்கிறாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன், எனக்கே காதில் விழவில்லை. அவள் திட்டவில்லை, ஒரு அறை விட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

போன் அடித்தது. எடுத்தாள். "சொல்லுங்க அண்ணாச்சி. ஓடாம உறுமுதா? சரி, மோட்டார் பக்கத்துல கொண்டு போங்க." கண்ணை மூடிக் கேட்டாள். கெப்பாசிட்டர் என்றாள். வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே:

"தம்பி நாலரைக்கு வாரான். அவனுக்கும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டிரு. அப்புறம் கம்பியில குத்து."

நாலு இருபது. கடிதம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. மைனி இரண்டு முறுக்கைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளியிருக்கிறாள். ஒன்றைக் கடித்தேன். நமுத்துப்போயிருக்கிறது. யூசுப் அண்ணன் சலாம் இன்னும் சொல்லவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம்.