ஷீட்டுக்கு அடியில் கட்டிய வெயில்

அத்தை,

இன்று மத்தியானம் உங்கள் ஜன்னல் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் இருக்கும் வானிலைப் பெட்டியைக் கையில் எடுத்ததும் குப்பென்று நீலகிரித் தைல வாசனை. பெட்டியின் தலையில் வெளிச்சம் போடுகிற பொத்தான் இருக்கிறதே, அதைத் தைலக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி மேலிருந்த எழுத்தையே அழித்துவிட்டிருக்கிறீர்கள். நீங்கள் போய் ஒரு பொங்கலும் வந்து போயிற்று. கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றியாயிற்று. போர்வைகளைக்கூடத் தந்துவிட்டோம். இந்தத் தைலம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. உங்களைப் போலத்தான், பிடித்தால் விடாது.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே முப்பத்தொன்பது, காற்று இல்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது.

இதை நான் வாங்கியது இந்த வீட்டிலிருந்து தப்பிப்பதற்காக. உங்களுக்கும் அது தெரியும், உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். தண்ணித் தொட்டி ஓரம் வழுக்கி விழுந்து நீங்கள் இடுப்பை முறித்துக்கொண்டபோது, ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாத லீவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் பயந்து டாக்டர்கள் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் வருஷக்கணக்கானது. உங்கள் மகனுக்குத் தீவன மில், முட்டை லாரி, நாமக்கல் என்று பகலெல்லாம் வெளியே வேலை. வீட்டில் கட்டிலோடு நீங்கள், உங்களோடு நான்.

கட்டிலில் கிடந்தாலும் பண்ணை உங்களுடையதுதான். வெயில் ஏற ஏறக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகரைப் போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் கூண்டுக்குள் தலை தொங்கிவிடும். காற்றில் ஈரம் இருக்கிற நாளில் அதையே போட்டால் புழுங்கிச் சாகும். நடந்துகொண்டிருந்தவரை ஷெட்டுக்குள் ஒரு தடவை போய்வந்தால் உங்களுக்குப் போதும். படுத்த பிறகு உங்கள் கால் நான்தானே.

"ஏம்மிணி, போயிப் பாத்துட்டு வா. கோழி வாயப் பொளந்துட்டு நிக்குதா?"

போய்ப் பார்த்து வந்து, இல்லை என்பேன்.

"நல்லாப் பாத்தியா? கடைசி வரிசை வரைக்கும் போனியா? எங்க, வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டு வந்திருப்ப."

மறுபடியும் போவேன். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணினால் அழுகை வரும் என்று எண்ணவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "நானும் கூண்டுல அடைச்ச கோழிதானுங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "கோழிக்காச்சும் கழுத்த வெளிய நீட்ட எடமிருக்குது சாமி. எனக்கு அதுவுமில்ல" என்றீர்கள்.

ஜூனில் திரும்ப வர முடியுமா என்று பிரின்சிபால் மேடம் கேட்டபோதுதான் இந்தப் பெட்டியை வரவழைத்தேன். வெளியில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் என்று கம்பியில்லாமலே உள்ளே காட்டும். நீங்களே படுத்தபடி பார்த்து, நம் ஷெட்டில் வேலை செய்யும் செல்வராசுவுக்குப் போன் போட்டு ஃபாகரைப் போடு, நிறுத்து என்று சொல்லலாம். நான் பஸ் ஏறலாம். கணக்கு அவ்வளவுதான்.

மாட்டிய அன்று நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? முதல் ஷெட்டுக்குப் பின்னால், சுவரும் கூரையும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து செல்வராசு குழி தோண்டி இரும்புக் குழாயை நட்டான். உச்சியில் காற்றுக் கிண்ணங்கள், கீழே மழைக்குவளை, நெஞ்சு உயரத்தில் தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கூட்டுக்குள் சூடு பார்க்கும் டப்பா. நம்பர் காட்டும் இந்தப் பெட்டியை அடுப்படியில் வைத்தால், நம்பருக்குப் பதில் வெறும் கோடுதான் வந்தது. நடுவில் தீவன ரூமின் இரும்புக் கதவு மறித்துக்கொண்டது. கூடத்தில் வைத்தேன், கோடு. எங்கள் ரூமில் வைத்தேன், கோடு. வீடு பூராவும் கையில் ஏந்திக்கொண்டு சுற்றிவிட்டு, கடைசியில் உங்கள் ஜன்னல் கட்டையில் வைத்ததும் பளிச்சென்று எல்லா நம்பரும் வந்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்களே ஒரு சிரிப்பு! "அதுக்கே தெரியுது பாரு, இந்த ஊட்ல யாரு கிட்டச் சொல்லோணும்னு" என்றீர்கள். நானும் சிரித்தேன். இடுப்பு முறிந்த பிறகு நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுப் படம் போட்டிருந்தால் உள்ளே, மரப் படம் போட்டிருந்தால் வெளியே என்று சொல்லிக் கொடுத்தேன். "உள்ள எத்தனன்னு இது எதுக்குச் சொல்லோணும்? உள்ளயே கெடக்குற எனக்குத் தெரியாதா?" என்று அதையும் வம்புக்கு இழுத்தீர்கள்.

அப்புறம் நம்முடைய ஒத்திகை. சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு. நான் வேலைக்குப் போன மாதிரி காலை முதல் சாயங்காலம் வரை பக்கத்து ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும், நீங்களும் செல்வராசுவும் பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்களுக்குச் சோறும் மற்றதும் செய்ய அவன் சம்சாரம் வருவாள் என்று பேச்சு. நானும் புடவை கட்டி, தலை பின்னி, சோற்றுப் போசியோடு அந்த ரூமுக்குள் போய் உட்கார்ந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் புதுப் புத்தகத்தை விரித்து முதல் பாடத்துக்குக் குறிப்பு எடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல். "செல்வராசு, முப்பத்தாறாச்சு, ரெடியா இருந்துக்கோ." "செல்வராசு, ஈரம் அறுவதுன்னு காட்டுது, ஃபாகர நிறுத்திப்போடு." கலெக்டர் மாதிரி இருந்தது. நடுவில் எனக்கும் ஒரு குரல் கொடுப்பீர்கள்: "ஏம்மிணி, மணி அடிச்சாச்சா? பசங்க பாடம் படிக்கறாங்களா?" நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன், பதில் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் இருக்கிறவள் எப்படிப் பதில் சொல்வாள்?

நன்றாகத்தான் போயிற்று. கோழி ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மேடத்திடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், உங்கள் மகனை அனுப்பிப் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டேன்.

வைகாசி பிறந்ததும் பெட்டி துள்ள ஆரம்பித்தது. "நாப்பது அம்மிணி!" என்பீர்கள். "நாப்பத்தொன்னு!" ஒரு மத்தியானம், "நாப்பத்திரண்டு! பள்ளிக்கூடமாவது மண்ணாவது, ஓடியா சாமி, கோழி பூராவும் செத்துப்போகும்!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் போசியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினேன். மோட்டார் சுவிட்சுக்கு ஓடினேன், கூரைமேல் தண்ணீர் விட ஓடினேன். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் நானே புடவை கட்டவில்லை. மூன்று ஷெட்டையும் செல்வராசு ஒருத்தன் தலையில் கட்டிவிட்டு இந்த வெயிலில் எப்படிப் போவது? மேடத்துக்குப் போன் செய்து, வெயில் அதிகமாக இருக்கிறது, கோழியை விட்டுவிட்டு வர முடியாது என்று சொன்னேன். ஒரு மாதிரி சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆடிக்காற்றில் மனுஷன் நிற்க முடியவில்லை, பெட்டி அப்போதும் நாற்பதைவிட்டு இறங்கவில்லை. நீங்களும் ஃபாகரைப் போடு போடு என்று சொல்லி, கூண்டுக்கடியில் எச்சம் காயாமல் சொதசொதவென்று ஊறி, ஈ மொய்த்துக் கண்ணைத் திறக்க முடியவில்லை. உங்கள் மகன் வாள்வாளென்று கத்தினார். சந்தேகப்பட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குழாயில் காற்றுக் கிண்ணம் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கூட்டுக்குள் டப்பா இல்லை. ஷெட்டுக்குள், கூரையின் சிமெண்ட் ஷீட்டை ஒட்டினாற்போல, கொதிக்கிற இரும்புச் சட்டத்தில் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நான் தொட்டேன், கை சுட்டது.

செல்வராசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பெரியம்மா சொன்னாங்கன்னு நாந்தானுங்க கட்டுனேன். கோழிக்குப் பக்கத்துல இருந்தாத்தான் கோழிச் சூடு தெரியும்னாங்க. சரியாத்தானுங்க கட்டியிருக்கறேன்?" என்றான்.

டப்பாவைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டேன். நீங்கள் ஏதாவது பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். கோழிச் சூடு, தெரியாமல் செய்துவிட்டேன், ஏதாவது. நீங்கள் அதைத் தடவிக்கொண்டே, "ஆமா, நாந்தான் கட்டச் சொன்னேன்" என்றீர்கள்.

"ஏனுங்க அத்தை?"

"நீ போயிருவீல்ல."

"சாயங்காலம் வந்திருவனேங்க!"

"அதுவரைக்கும் நான் யாருகூடச் சண்ட போடறது? செல்வராசு பொண்டாட்டி, என்ன சொன்னாலும் செரிங்க செரிங்கங்கறா."

அன்றிலிருந்து கோபத்தோடுதான் உங்களைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புரட்டிப் படுக்க வைத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை மட்டும் மறுபடி குழாயில் கொண்டுபோய் மாட்டினேன். நீங்கள் நாள் பூராவும் பெட்டியைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தீர்கள். "முப்பத்திநாலு. காத்து மேக்கால இருந்து வருது. மழ இல்ல." நான் காது கேளாதவள் மாதிரி வீடு பெருக்கினேன். "முப்பத்தஞ்சு. ஈரம் நாப்பது." நான் துணி மடித்தேன். ஒருநாள் மத்தியானம், "அம்பத்தெட்டு" என்றீர்கள்.

"அம்பத்தெட்டா? நாம ரெண்டு பேரும் வெந்துபோயிருப்போம்!" என்று கத்திவிட்டேன்.

"வாயத் தொறந்துட்டா!" என்று கைதட்டப் போய், படுத்தே வலுப்போன கை எழும்பாமல், தொடையில் தட்டிக்கொண்டீர்கள். எனக்கு உங்களை அடிக்கலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கார்த்திகையில் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். "நான் போன பொறவு நீ போயிக்கோ சாமி. அதுக்கு முன்னால போயிறாத" என்றீர்கள். போகமாட்டேன் என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன், அத்தை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் செய்தது தப்பு, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் ஒரு வருஷத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டீர்கள். உங்களை நினைக்கும்போதெல்லாம் முதலில் கோபம்தான் வருகிறது, அப்புறம்தான் மற்றது. பெற்ற தாய்கூட நான் பக்கத்தில் வேண்டும் என்று இத்தனை பாடுபட்டதில்லை.

இப்போது என்னைக் கூப்பிட யாருமில்லை. செல்வராசு தன் போனிலேயே டிகிரியைப் பார்த்துக்கொள்கிறான், ஃபாகரை அவனே போடுகிறான், அவனே நிறுத்துகிறான். உங்கள் மகன் ஷெட்டுக்கு இன்னோர் ஆளும் வைத்துவிட்டார். போன மாதம் முழுவதும் நான் ஷெட்டுப் பக்கமே போகவில்லை, கோழி நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் சொல்ல?

இன்று சாயங்காலம் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். நல்ல மனுஷி, மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "பிளஸ் ஒன்னுக்கு பிசிக்ஸ் எடுக்க ஆள் இல்லம்மா. இந்த வருஷமாவது வந்துடறீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து முட்டை லாரிக்காரருக்கு மெசேஜ் அடித்துக்கொண்டிருந்த உங்கள் மகன், தலையைத் தூக்கி, போ போ என்று கையைக் காட்டினார். இந்த வீட்டில் என்னைப் பிடித்து நிறுத்த ஓர் உயிர் இல்லை, அத்தை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க மேடம்" என்றேன். "இங்க வெயிலு ரொம்ப அதிகமா இருக்குதுங்க. கோழிய உட்டுட்டு வர முடியாதுங்க."

மேடம், "சரிம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். உங்கள் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. மழை, அத்தை. கோடை மழை, மூன்று ஷெட்டின் மேலும் கல்லைக் கொட்டுகிற மாதிரி அடித்துப் பெய்துகொண்டிருந்தது. நான் பேசும்போதே பெய்திருக்கிறது. மேடத்துக்கும் அது கேட்டிருக்கும்.