அறுபது எண்ண ஓர் ஆள்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே. போன வாரம் தண்ணீர்த் தொட்டி கழுவ இறங்கும்போது அதன் வாயில் என் தொப்பை சிக்கிக்கொண்டது. பயப்படாதே, அடி எதுவும் இல்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். மேஸ்திரிதான், "மாசக் கடைசிக்குள்ள வயித்தக் குறைய்யா, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார்.

அறையில் கூட இருந்த வெல்டர் அண்ணன் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி தூக்கி, அவர் அறுபது எண்ணும்வரை தாங்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்கவிடமாட்டார். "எந்திரிய்யா, ஒரு நட நடந்துட்டு வரலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நானே எண்ணினால் முப்பதிலேயே விழுந்துவிடுகிறேன்.

ஓர் உதவி செய். வேலை முடிந்து ராத்திரி நான் பயிற்சி செய்யும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அதனால் பாப்பாவை அறுபதுவரை எண்ணச் சொல்லி, போனில் பதிவு செய்து அனுப்பு. நடுவில் தப்பாகச் சொன்னால் திருத்தாதே, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணட்டும். நீ பக்கத்திலிருந்து சிரித்தால் அதையும் அழிக்காதே. எவ்வளவு நேரமானாலும் தாங்கிக்கொள்வேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள், கிளம்புகிறேன்.

உன் வீட்டுக்காரன்