மூன்றாவது பாசேஜ்

ஜனவரி 9

அன்புள்ள டாக்டரம்மா,

லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்கு இந்தப் பட்டம் போதும்தானே? போனில் பேசினால் ‘அப்புறம்?’, ‘நீங்கதான் சொல்லணும்’ என்பதோடு நின்றுவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத் தேர்வில் மற்றதெல்லாம் தேறிவிட்டாய். வாசிப்பில்தான் கோட்டை விடுகிறாய். என்னோடு கிரேன் ஓட்டுபவரின் மனைவியிடம் விசாரித்தேன். மூன்று பாசேஜ், ஒரு மணி நேரம். முதலில் கேள்வியைப் படி, பிறகு பதிலைத் தேடு. முழுதும் படித்துக்கொண்டிருக்காதே. எங்கேயும் நிற்காதே, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. தேறிவிட்டால் கோடைக்குள் நீ இங்கே வர விசா. இரண்டு பேருக்கு அறை பார்த்துவிட்டேன்.

உன்,
‘என்னங்க’

ஜனவரி 27

அன்புள்ள என்னங்க,

உங்கள் அம்மா கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “பொண்டாட்டிக்கு எழுதற லெட்டரா இது? வாத்தியார் மாதிரி எழுதியிருக்கான்!” என்றார்.

வாத்தியார் சொன்னபடியேதான் பழகுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் லேபிலேயே அலாரம் வைத்துப் படிக்கிறேன். நேற்று அது அடித்ததும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த பெரியவர், “என்னம்மா, என் ரத்தம் வெந்துடுச்சா?” என்று கேட்டார். அதற்கு முன்பே மூன்றையும் முடித்து நேரம்கூட மிஞ்சியிருந்தது.

இரண்டு பேருக்கு அறை என்று எழுதியிருந்தீர்கள். ஜன்னல் இருக்கிறதா? பாப்பாவின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் அத்தை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்,
டாக்டரம்மா

மார்ச் 2

அன்புள்ள உனக்கு,

போனில் நீ சொன்னதும் கோபம்தான் வந்தது. மூன்றாவது பாசேஜை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு வந்திருக்கிறாய். லேபில் மிஞ்சுகிற நேரம் தேர்வு ஹாலில் எங்கே போனது? இங்கே வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. காலி அறையைக் காத்துக்கொண்டு நான் ஒரு முட்டாள் உட்கார்ந்திருக்கிறேன். ஏப்ரலில் மறுபடி தேர்வு இருக்கிறது. பதிந்துவிடு.

உன் கணவன்

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

முதல் இரண்டையும் நேரத்துக்குள் முடித்துவிட்டேன். மூன்றாவது, கைக்குழந்தைகளின் காது பற்றியது. நீங்கள் சொன்னபடி கேள்வியைத்தான் முதலில் படித்தேன். பதிலைத் தேடினேன். அடிக்கடி கேட்கும் குரலை, ஆள் எதிரில் இல்லாவிட்டாலும் குழந்தை தெரிந்துகொள்ளும் என்று போட்டிருந்தது.

போனில் உங்கள் குரல் கேட்டதும் பாப்பா காலை உதைப்பாளே, அது சும்மா இல்லைங்க. உங்களைத் தெரிந்துதான் உதைத்திருக்கிறாள். மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதற்கப்புறமும் படித்தேன். பேப்பரை வாங்க வந்தவர், “என்னம்மா, இதுக்குப் பென்சிலே எடுக்கலையா?” என்றார்.

காய்ச்சலில் அவள் போய், நீங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பிக் கிளம்பும்வரை அவள் பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. தேர்வு, விசா, அறை என்று அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்குத்தான் போகத் தெரியவில்லை.

ஏப்ரலுக்கு நான் பதியவில்லை.

பாப்பாவின் அம்மா

மார்ச் 30

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து கீழே விசில் அடித்திருக்கிறார்கள், காதில் விழவில்லை. இறங்கியதும் மேஸ்திரி, “மேலே தூங்கிட்டியா?” என்று கத்தினார்.

“என் பொண்ணுக்கு என் குரல் தெரிஞ்சிருக்குங்க” என்றேன்.

“உனக்குப் பொண்ணு இருக்கா?” என்றார்.

இந்த வேலைக்கு மாறிய பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. இருந்தாள் என்று சொன்னால் போனதையும் சொல்லவேண்டுமே. உன்னிடமும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டேன்.

டன் கணக்கில் தூக்குகிறவன் நான். அவளைத் தூக்கியதில்லை. அழலாம் என்று உட்கார்ந்தால், எதை நினைத்து அழுவது என்றே தெரியவில்லை. போன் திரையில் ஒரு முகம், அவ்வளவுதான்.

லீவு இல்லை என்றார்கள். வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறேன். விசா பற்றி இனி பேச்சில்லை. நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னாலும் வருவேன்.

அவளைத் தூக்கும்போது தலைக்குக் கீழே கையை எப்படி வைப்பாய், கனம் கையில் எங்கே தெரியும் என்று எனக்குக் காட்டு.

பாப்பாவின் அப்பா