பதினாறில் நின்ற பொத்தான்

அன்புள்ள அக்கா, அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி பதிவு செய்வேன் என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். இனி வரும் 'நான்' அப்பா. அடைப்புக்குறிக்குள் வருபவள் உன் தங்கை.

பெரியவளுக்கு, இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சளியில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், கூடவே கண்ட புத்தகத்தையும் படிக்கிறாள். நம் ரொட்டிக் கடைக்கு நீ செய்து அனுப்பிய கணினித் திரையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். (இங்கே அப்பா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.) மாவின் எடைக்கு ஒரு கோடு, ஈஸ்ட்டுக்கு ஒன்று, அறையின் சூட்டுக்கு ஒன்று, கோட்டின் மேலிருக்கும் பொத்தானை இழுத்தால், மாவு எத்தனை நிமிடம் பொங்க வேண்டும் என்று கீழே எண் மாறும். கடை சாத்திய பிறகு நான் அதை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். ஈஸ்ட்டைக் கூட்டினால் என்ன, சூட்டைக் குறைத்தால் என்ன என்று சும்மா ஒரு விளையாட்டு. (சிரிப்பார். நான் பார்த்திருக்கிறேன்.) அன்றைக்கு உன் அறையில் பதினாறு டிகிரிதான் என்று போனில் சொன்னாய். அந்தக் குளிரில் நம் மாவு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க ஆசை. முப்பத்தொன்றில் இருந்ததைப் பதினாறுக்கு இழுத்தேன், ஐம்பது நிமிடம் நூற்று நாற்பதானது. அடேயப்பா என்று நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். விடிந்ததும் கடையில் வேலைக்கிருக்கும் மாவு பிசையும் தம்பி திரையில் இருந்தபடியே நூற்று நாற்பது நிமிடம் வைத்தான். திரை சொல்வதுதான் கணக்கு, நீயாக யோசிக்காதே என்று அவனை மிரட்டி வைத்ததும் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறுபது ரொட்டியும் பொங்கிப் பொங்கி அமுங்கிவிட்டன.

பொத்தான் பதினாறிலேயே நிற்பதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தம்பி எதிரே நின்றான். அவன் முன்னால் உனக்குப் போன் போட்டு, "உன் கணக்கு கவுத்துடுச்சும்மா" என்றேன். "என் தப்புதான்ப்பா" என்றாய். மூன்று நாள் லீவு போட்டு அந்தக் கணக்கில் தப்பைத் தேடினாயாம், அம்மா சொன்னாள். தேடினால் எப்படிக் கிடைக்கும்? அப்புறம், அதை அழித்துவிடுங்கள் என்று ஒரு வரி அனுப்பினாய், பேச்சு நின்றுவிட்டது. போனில் சொல்லலாம் என்று உன் நம்பரை எடுப்பேன், அழுத்தாமலே வைத்துவிடுவேன். நான் அழிக்கவில்லை. இன்று காலை பொத்தானை முப்பத்தொன்றில் வைத்தேன், ஐம்பது நிமிடம், ரொட்டி பூப்போல வந்தது. தம்பியிடமும் நடந்ததைச் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான் முதலாளி" என்றான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வெறுங்காலோடு தரையில் நடக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, திட்டுவதற்காவது பண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா

(கையெழுத்துப் போட்ட பிறகு, இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றார். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். என்னைப் பார்க்காமல் சுவர் ஓரம் போய் நின்றார். "மன்னிச்சிடும்மான்னு எழுது" என்றார். எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவர் முகத்தை நான் பார்ப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.)