மீட்டர் அறைச் சுவரின் ஈரம்

மார்ச் 3
குடியிருப்போர் சங்கத் தலைவியாக என்னையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை.

கீழே மீட்டர் அறைச் சுவரில் நீர் கசிகிறது. மின்பலகையைத் தொட்டுவிட்டால் கட்டடம் முழுவதும் இருட்டுதான். அந்த அறைக்கு நேர் மேலே என் வீடு. எனக்கு மேலே ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்று வெகுகாலமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. கசிவு அவர் குளியலறையில்தான், சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"உங்க வீட்டையும் ஒரு தடவ பாத்துடட்டுமாம்மா?" என்றார் பிளம்பர்.

என் வீட்டில் அதெல்லாம் கிடையாது.

மார்ச் 6
ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுத் தரையைப் பெயர்த்தார்கள். உள்ளே ஈரமே இல்லை; தூசிதான் பறந்தது.

"சந்தேகமே இல்லன்னீங்களேக்கா?" என்றார் அவர் மனைவி, தும்மலுக்கு நடுவே.

இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 7
ஈரம் மின்பலகையைத் தொட இன்னும் ஒரு சாண்தான்.

மார்ச் 8
மூன்றாம் மாடி என்று சொல்லிவிடலாமா? குரலைச் சற்று உயர்த்தினால் நம்பிவிடுவார்கள் — அதுதான் பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்தால், "உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அதையே கேட்டு என் உயிரை வாங்கினார். இப்ப கேக்க ஆளில்ல.

மார்ச் 9
கூட்டம். "எங்கே கசிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசியது தப்பு" என்றேன். நான் படித்த கான்வென்ட்டில் தெரியாது என்றால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். நான் ஏறியதே இல்லை.

"குத்துமதிப்பா இடிச்சது போதும். ஒவ்வொரு வீடா வால்வ அடைச்சுப் பாப்போம்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "யார் வீட்லேருந்து?"

"என் வீட்டிலிருந்து."

மார்ச் 10
என் வால்வை அடைத்தார்கள். கீழே சொட்டுவது நின்றது. திறந்தார்கள். சொட்டியது. மூன்று தடவையும் அப்படியே.

பிளம்பர் என் வாசற்கதவைச் சாத்தி, "மத்த வீட்டையும் பாத்துட்டு மெதுவா சொல்லிக்கலாம்மா" என்றார். நல்ல மனிதர். கதவைத் திறந்து, படிக்கட்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி நானே சொன்னேன்.

மேலிருந்து எட்டிப் பார்த்தார் ஸ்டேஷன் மாஸ்டர். "சந்தேகமே இல்லையே?"

"மூணு தடவ அடைச்சுப் பாத்தாச்சு" என்றேன்.

மார்ச் 14
மீட்டர் அறைச் சுவர் காய்கிறது. என் குளியலறையில் பள்ளம்.

ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி கதவைத் தட்டினார். "எங்க பாத்ரூம்ல புது டைல்ஸ் போட்டாச்சு. வந்து குளிச்சிட்டுப் போங்கக்கா."

சோப்பும் துண்டுமாக மேலே போனேன். தரை வாட்டம் சரியில்லை. மூலையில் தண்ணீர் தேங்குகிறது. ஏனென்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறேன்.

கேட்டால் சொல்லலாம்.